ஆஸ்பத்திரித் தெருவில் ஓடாத குதிரை

வாடகைக் குதிரை வண்டிகளுக்கு நகராட்சி வைத்திருந்த விதிகள், வண்டி ஸ்டாண்டில் ஒரு தகரப் பலகையில் எழுதித் தொங்கின. மற்ற வண்டிக்காரர்களுக்கு அது வெயிலுக்கு மறைப்பு. அங்கே ஒரே ஒரு வண்டிக்காரருக்கு மட்டும் வேதவாக்கு. சொன்ன அளவுக்கு மேல் ஆளை ஏற்றமாட்டார், விளக்கில்லாமல் இருட்டில் கிளம்பமாட்டார், குதிரையைத் தனியே விட்டு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். அதனால் ஸ்டாண்டில் அவருக்குச் ‘சட்டம்’ என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்களுக்கு யாராலும் ஆளைக் காட்ட முடிந்ததில்லை.

அந்தப் பலகையில் ஒரு விதி அவருக்கு உயிர். ஆஸ்பத்திரித் தெருவில் குதிரை நடக்கத்தான் வேண்டும், ஓடக்கூடாது. குளம்புச் சத்தம் நோயாளிகளுக்கு ஆகாது. போலீஸ்காரர் தலை தெரிந்தால்தான் மற்றவர்கள் கடிவாளத்தை இழுப்பார்கள். இவரோ குதிரைக்கே அதைப் பழக்கிவிட்டார். தெருமுனையில் மெல்ல ஓர் இழுப்பு, தெரு முடிந்ததும் கழுத்தைத் தட்டி ஒரு கை கொள்ளு. போகப்போகக் கடிவாளத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முனை திரும்பியதும் அதுவே நடைக்கு வந்துவிடும். வண்டிகளைச் சோதிக்க வந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் இதை மெச்சிய அன்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மனைவியிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அவளுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கியது. நாள் நெருங்கும் முன்பே ஒரு மத்தியானம் வலி கண்டு, உதிரம் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இவர் வண்டியை விரட்டினார். குதிரை பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சந்தையும் பாலமும் கண்மூடித் திறப்பதற்குள் பின்னால் போயின. ஆஸ்பத்திரித் தெருமுனை வந்தது. குதிரை நடக்க ஆரம்பித்தது.

கத்தினார். கடிவாளத்தை உதறினார். ஒருநாளும் அதன் மேல் படாத சாட்டையால் அடித்தார். அடிக்க அடிக்க அது இன்னும் நிதானமாகக் கால் வைத்தது. சரியாக நடக்கவில்லை என்றுதான் அடி விழுகிறது என்று நினைத்ததோ என்னவோ, பாவம். ஆஸ்பத்திரி வாசலோ அந்த நீளத் தெருவின் மறுகோடியில் இருந்தது. கடைசியில் குதித்திறங்கி, மனைவியை இரு கைகளிலும் வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

குதிரையை விற்றுவிடும்படி ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடித்தாவது அந்தப் பழக்கத்தை மாற்றுவது என்று மனதுக்குள் கருவிக்கொண்டிருந்தார். தப்பு குதிரையுடையது அல்ல என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவ்வளவு வெறி.

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை வீட்டுக்கு அனுப்பிய நாளில், மடியில் ஒரு துணி மூட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அவள் வண்டியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னல்களை ஒட்டிக் குதிரை வழக்கம்போல நடந்தது. அந்த நடையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாட்டையை ஓங்கினார். பின்னாலிருந்து அவள் கை வந்து அவர் தோளைப் பிடித்தது.

“விடுங்க. நடந்தே போகட்டும்” என்றாள். “என் பக்கத்துக் கட்டில் பொண்ணு ராத்திரி பூரா வலியில துடிச்சா. இப்பத்தான் கண்ணசந்திருக்கா. அவ பிள்ளையும் தூங்குது.”

அவர் சாட்டையைக் கீழே வைத்தார். கண்ணீர் வழிய வழிய, துடைக்கக்கூடத் தோன்றாமல், தெரு முடியும்வரை குதிரையை அதன் போக்கிலேயே விட்டார்.