ஒன்பதாவது ஓலைப்பெட்டி

அரிசி கொட்டும் சத்தம் வேறு, அள்ளும் சத்தம் வேறு. இந்த எண்பது வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று சரியாகச் சொல்லிவிடுவேன்...

சிரிக்காதீர்கள். சனிக்கிழமைதோறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கற்ற வித்தை அது.

அறுபதுகளில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்துவிட்டது. கடலை போட்டவர்களுக்கு விதை கூடத் திரும்பவில்லை. அப்போது ஊர்ப் பெண்களே சேர்ந்து சாவடி அறையில் ஒரு பெரிய மரத்தொட்டி வைத்தார்கள். முடிந்தவர்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் ஒதுக்கி, சனிக்கிழமை கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார்கள். இல்லாதவர்கள் அதிலிருந்து ஒரு படி எடுத்துக்கொள்வார்கள்.

முன்னால் நின்று நடத்தியவர் ரெங்கம்மா அக்கா. அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். கொடுப்பவர், எடுப்பவர் எல்லோரும் துணி மூடிய ஓலைப்பெட்டியோடு ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். காவலுக்கு இருப்பவள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், திரும்பக் கூடாது.

"மொகத்தப் பாத்தா பசிச்சவ வர மாட்டாடி" என்பார்.

டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த எனக்குத்தான் அந்தச் சுவர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். எங்கள் வீட்டுக் கலயம் எந்த வாரமும் நிறைந்தே இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் கலயத்தோடு பக்கத்து வீட்டு வள்ளியம்மை அக்காவின் கலயத்தையும் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் கூலி வேலைக்குக் கிளம்பும்போது, "கதவுக்குப் பின்னால இருக்கு, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் இரண்டு கலயங்கள் இருந்தன. ஒன்றை எடுத்தேன்.

அன்று ஒன்பது பேர் அள்ளும் சத்தம் கேட்டது. மத்தியானத்தோடு முடிந்தது.

மூன்று மணி இருக்கும். வள்ளியம்மை அக்கா தலைவிரி கோலமாகச் சாவடிக்கு ஓடிவந்தார்.

"புள்ள, எந்தக் கலயத்த எடுத்த?"

"வலப்பக்கம் இருந்தத..."

"அடிப்பாவி! அது எலிக்குப் பாஷாணம் கலந்து வச்சதுடி! எங்க வீட்டுக்காரரு அங்கிட்டு வச்சது எனக்கே இப்பத்தான் தெரியும்!"

அந்த அரிசி ஒன்பது வீட்டுக்குப் போய்விட்டது. எந்த ஒன்பது என்று ஒருவருக்கும் தெரியாது... தெரியக் கூடாது என்றுதானே சட்டமே. பொழுது சாய்ந்தால் ஊரே உலை வைக்கும்.

"எடுத்தவங்கள மட்டும் வரச் சொல்லுவோம்க்கா" என்றேன்.

ரெங்கம்மா அக்கா தலையாட்டவில்லை. "அப்படிச் சொன்னா குப்பையில கொட்டிட்டுப் பேசாம இருந்துருவாங்க. ஒம்பது பேரும் தப்பிச்சாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் வரட்டும்."

பெண்கள் தெருத்தெருவாக ஓடினார்கள். அரிசியில் விஷம் விழுந்திருக்கிறது, யாரும் உலை வைக்காதீர்கள், வீட்டுக்கு ஒருவர் ஓலைப்பெட்டியோடு வாருங்கள் என்று கத்திக்கொண்டே போனார்கள். சாவடிக்குள் ஒரு பாயை விரித்து, பக்கத்தில் பித்தளை அண்டா வைத்தோம். இன்று இங்கே எடுத்தவர்கள் அண்டாவில் கொட்ட வேண்டும். மற்றவர்கள் வீட்டிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து பாயில் போட வேண்டும்.

சத்தம் கேட்காத தூரத்தில் எல்லோரையும் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார் ரெங்கம்மா அக்கா. நான் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பாயில் விழுந்தால் சத்தமே இல்லை. அண்டாவில் விழுந்தால் கலகலவென்று காதில் அறையும். ஒன்று... இரண்டு... ஐந்து... எட்டு.

எட்டோடு நின்றுவிட்டது. சுவரில் விழுந்த வெயில் மஞ்சளாகி, மேலே ஏறி, போய்விட்டது. அந்த ஒன்பதாவது வீட்டில் குழந்தை இருக்குமோ, முதல் வாய் அதற்குத்தான் ஊட்டுவார்களோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

"ஓடுடி. எந்த வீட்ல பொகை வருதுன்னு பாரு!" என்றார் ரெங்கம்மா அக்கா.

மேலத்தெரு, கீழத்தெரு இரண்டிலும் ஒரு அடுப்பும் எரியவில்லை. எங்கள் தெருவுக்குள் திரும்பினேன்.

புகை எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது.

காலையிலேயே அடுத்த ஊருக்குக் கூலிக்குப் போகிற அம்மா அன்று ஏன் மத்தியானம் கிளம்பினாள் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஊரில் கத்தியது எதுவும் அவளுக்குத் தெரியாது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் அரிசிப்பானை காலியாகக் கவிழ்ந்திருந்தது. அடுப்போரம் அந்த ஓலைப்பெட்டி.

உலையை அப்படியே காலால் தள்ளிவிட்டேன். கஞ்சி தெறித்துக் காலில் கொப்புளம்கூட வந்தது, அப்போது தெரியவில்லை. விஷம் என்று சொன்னதும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கப்பாக்கிட்டருந்து மூணு மாசமா பணம் வரலடி" என்றாள். "நீ திரும்பிப் பாத்துருவியோன்னு பயந்துக்கிட்டேதான் அள்ளுனேன்."

எங்கள் கலயத்தில் மட்டும் அந்த மூன்று மாதமும் ஒரு பிடி குறையவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் அழுகை வருகிறது.

சாவடிக்குப் போய், "ஒம்பதும் சரியாப் போச்சுக்கா" என்றேன். எந்த வீடு என்று ரெங்கம்மா அக்கா கேட்கவில்லை. அண்டாவில் இருந்ததையும் தொட்டியில் மிஞ்சியதையும் குழி தோண்டிப் புதைத்தோம். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பாயில் விழுந்திருந்த அரிசியை அதில் போட்டோம். அடுத்த சனிக்கிழமை ஒரு காலடி எனக்குப் பின்னால் வந்து கொஞ்சம் தயங்கியது. நான் திரும்பவில்லை. ஒரு படி அள்ளும் சத்தம் கேட்டது.

இப்போது திருச்சியில் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாசலில் ஒரு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். மீந்த சாப்பாட்டை வைக்கலாம், பசித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான். ஆனால் தலைக்கு மேலே ஒரு கேமரா! செக்ரட்டரியிடம் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"யார் எடுக்குறாங்கன்னு தெரியணும்ல, பாட்டி?" என்றார்.

அதனால் தினமும் காலையில் வாக்கிங் போகும்போது கைத்தடியை உயர்த்தி, நானே அதைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு வருகிறேன்.