சேலை ஓரத்தில் செம்மண்

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போவதாகச் சொல்லி, எட்டு வீட்டுக்காரர்களையும் எட்டுத் திசைக்கு மாற்றினார்கள். மகன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையில் இருப்பதால் எங்களுக்கு வேறொரு புதுக் கட்டடத்தில் மூன்றாம் மாடி கிடைத்தது. இருபத்து நான்கு வீடுகள். ஒருவரையும் தெரியாது.

என் மனைவிக்கு ஞாபக மறதி. பழைய வரிசையில் அவள் வழி தவறிப் போனால் யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? தொலைந்துவிடுவாளோ என்று பயந்து, வந்த வாரமே கதவுக்கு வெளிப்பக்கம் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். மகன் ஷிப்டுக்குப் போனபின், பால் வாங்கிப் பேப்பர் படித்துவிட்டு நான் திரும்பும் வரைதான் அவள் தனியே இருப்பாள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். நான் படியிறங்கும்போதெல்லாம் தலையை நீட்டி, "பேப்பர் படிக்கவா சார்? மெதுவா வாங்க" என்பாள். நான் மெதுவாக வருவதில் இவளுக்கு என்ன லாபம்? ஒருநாள் மனைவியின் சேலை ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடிக்குச் செம்மண் எப்படி வரும்? கேட்டால் சிரித்தாள். வளையல்களை எண்ணிப் பார்த்தேன். நான்கும் இருந்தன. நாளைக்கு இருக்குமா?

மறுநாள் பால் வாங்கப் போவதுபோல் இறங்கி, ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இருவரும் கைகோத்தபடி வந்தார்கள். பின்னாலேயே போனேன். அவர்கள் போய் நின்றது எங்கள் பழைய வீட்டில். கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் மட்டும் நின்றது. சமையலறை மேடையை என் மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு இவள இங்க கூட்டிட்டு வந்தே?" என்றேன்.

"உங்களக் கேட்டா வுடுவீங்களா? மூணாவது தாப்பாளும் போட்டிருப்பீங்க" என்றாள் அவள், பதறாமல். "நீங்க தாப்பா போட மறந்த அன்னிக்கி, வூட்டுக்குப் போவணும்னு அம்மா படிக்கட்டுல நின்னு அழுதுகினு இருந்தாங்க சார். எங்க மாமியாரும் இப்படித்தான் அழுதுச்சி. நாங்க மைன்ஸுக்கு நெலம் குடுத்தவங்க. வூடு இருந்த எடமே பள்ளமாப் போச்சி, கூட்டிம்போயி காட்ட ஒண்ணுமில்ல. இங்க சொவுராவது இருக்குதேன்னுதான்..."

என் மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "ஷிப்ட் முடிஞ்சிருச்சா? குழம்பு இன்னும் கொதிக்கலையே" என்றாள்.

கொதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, உடைந்த சுவர் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

இப்போது அந்தச் சுவரும் இல்லை, தரையைச் சமன்படுத்திவிட்டார்கள். முப்பது வருடம் குடியிருந்த எனக்கே எங்கள் வீடு எது என்று தெரிவதில்லை. என் மனைவி மட்டும் நேராக நடந்து போய், வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறாள். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவள் கையை அந்தப் பெண் பிடித்திருக்கும்போது மட்டும் இன்றுவரை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.