கொரியாவின் வைக்கோல் செருப்பு

சரித்திர டீச்சர் தன் தகரப் பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு. வைக்கோல் பழுத்துக் கறுத்துப்போயிருந்தது. முன்பக்கம் படகுபோலக் குவிந்திருக்க, ஓரமெல்லாம் மெல்லிய கயிறுபோலப் பிரி திரித்துப் பின்னியிருந்தார்கள். அதை ஆசிரியர் அறை மேஜைமேல் வைத்துவிட்டு, "இது கொரியாவுலேருந்து வந்தது, தமிழ் சார். அங்க குடியானவங்க இதத்தான் போட்டுக்கிட்டு வயலுக்குப் போவாங்களாம்" என்றார். வைக்கோல் போரில் உருண்டு வளர்ந்தவன் நான். வைக்கோலைக் காலில் போட்டுக்கொள்ளலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

டீச்சர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். அவருடைய அண்ணன் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து கொரியப் போருக்குப் போய் வந்தவர். அங்கே காயத்துக்குக் கட்டுப்போட்ட ஒரு விவசாயியின் மனைவி கொடுத்ததாம் அந்தச் செருப்பு. அதோடு சில புகைப்படங்களையும் ஏராளமான கதைகளையும் அண்ணன் கொண்டுவந்திருந்தார். எங்கள் பாடப் புத்தகத்திலோ கொரியாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது சில வரிகள்தான். டீச்சருக்கு அது போதவில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் சலவை நீலத்தாலும் மஞ்சளாலும் கொரியா தேசத்தை வரைந்து வகுப்பில் தொங்கவிட்டார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. மேடைதோறும் சமத்துவம் பேசினார்கள். வயல்கள் மட்டும் அதே கைகளில் இருந்தன. கூலி உயர்வு கேட்டவர்களுக்கும் மிராசுதார்களுக்கும் இடையே சுற்றுவட்டாரத்தில் அடிதடி இல்லாத அறுவடை கிடையாது. எங்கள் பள்ளிக்கூடம் மேலத்தெருவின் கோடியில் இருந்தது. நான் பக்கத்து ஊர்ப் பண்ணையாள் ஒருவரின் மகன். புலவர் பட்டம் வாங்கி, தமிழாசிரியர் என்று கையெழுத்துப் போடுகிறவன். ஆனாலும் தினமும் தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பேன். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. தெரு சொன்னது. டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்டதில்லை.

கொரியாவில் ஒரு ராஜா சாதாரண ஜனங்கள் படிக்கவேண்டும் என்பதற்காகவே புது எழுத்தை உண்டாக்கியதையும், பெரிய மனிதர்கள் அதை எதிர்த்ததையும் டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஜப்பான்காரன் ஆண்டபோது பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கியதைச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் ஒருநாள் வந்து வகுப்பில் உட்கார்ந்தார். ஊரின் பெரிய மிராசுதாரும் அவர்தான். சமீபத்தில்தான் ஆளுங்கட்சிக்கு மாறி, தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டிருந்தார். மொழிப் பாடத்தைக் கேட்டதும், "பேஷ் டீச்சர், இதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்று கைதட்டினார். அடுத்ததாக, தெற்குக் கொரியாவில் பண்ணையார்களின் நிலத்தை எடுத்து உழுதவர்களுக்கே பிரித்துக் கொடுத்த கதை வந்தது. கைதட்டல் நின்றுபோனது.

"இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கா?"

"நடந்திருக்குங்க. நடந்ததத்தானே சரித்திரம்ங்கறோம்?"

தலைவர் எழுந்து போய்விட்டார்.

பள்ளியில் அந்த வருடம் பொருட்காட்சி வைத்தோம். கொரியாவைக் காட்ட டீச்சர் பிள்ளைகளை வைக்கோல் கொண்டுவரச் சொன்னார். பிரி திரிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழைய செருப்பைப் பார்த்துப் பார்த்துப் பின்னினார்கள். பொருட்காட்சி அன்று காலை, பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பின்னிய செருப்பைப் போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாக ஊர்வலம் வந்தார்கள். பாதிப் பேர் காலனித் தெருப் பிள்ளைகள். நான் கடைசியில், என் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தேன்.

நடுத்தெருவில் மிராசுதாரின் காரியஸ்தர் குறுக்கே வந்து நின்றார். வரிசையின் முதலில் காலனித் தெருவின் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவளுடைய அம்மா அதே பண்ணையில் நடவு நடுகிறவள்.

"கழட்டு அத."

சிறுமி அசையவில்லை. "இது செருப்பு இல்லீங்க. பாடம்" என்றாள்.

காரியஸ்தர் டீச்சர் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? கழட்டச் சொல்லுங்க."

"புள்ளைங்க கழட்டாதுங்க" என்றார் டீச்சர். நகராமல் நின்றார். "கழட்டியே ஆகணும்னா நீங்களே குனிஞ்சு கழட்டி விடுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சிறுமி மெதுவாக வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தாள். காரியஸ்தர் அந்தக் காலையே பார்த்தார். குனியவேண்டும்; அந்தக் காலைத் தொடவேண்டும். அவரால் முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக ஒதுங்கினார். ஊர்வலம் நகர்ந்தது. நான் அதே இடத்தில் செருப்பைத் தரையில் போட்டு, இரண்டு கால்களையும் உள்ளே நுழைத்தேன். அந்தத் தெருவின் மண்ணில் என் செருப்புச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பழிவாங்கல் அந்த நடவிலேயே வந்தது. காலனித் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லை என்று பண்ணை சொல்லிவிட்டது. டீச்சருக்கு அது தாங்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனார். அடுப்பு எரியவில்லை. "என்னாலதானே உங்களுக்கு இப்புடி ஆச்சு" என்று கண்கலங்கினார். சிறுமியின் அம்மா சிரித்தாள்.

"நீங்க எதுக்கு டீச்சர் அழுவுறீங்க? நாத்து எங்களுக்கா முத்துது? பண்ணைக்குல்ல முத்துது!"

அவள் சொன்னதுதான் நடந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை வண்டியில் வரவழைத்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் ஊர் எல்லையில் நின்று பேசியதும் வந்தவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நாற்றங்காலில் பயிர் நடவுக்கு உதவாதபடி முற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் காரியஸ்தரே காலனித் தெருவுக்கு வந்து கூப்பிட்டார். பெண்கள் வழக்கமாகப் போகும் சுற்றுப்பாதையை விட்டுவிட்டு, மேலத்தெரு வழியாகவே நடந்துபோய் வயலில் இறங்கினார்கள்.

டீச்சரை மட்டும் விடவில்லை. பேராவூரணிப் பக்கம் மாற்றல் வந்தது. மாற்றலை நிறுத்த யாரையாவது போய்ப் பார்க்கலாம் என்றேன். மறுத்துவிட்டார். "தென்னந்தோப்பு ஊருலயும் புள்ளைங்க இருக்கும்ல சார்?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

இன்றைக்கு என் பேத்தி கைபேசியில் கொரியத் தொடர் பார்க்கிறாள். கொரியச் சொற்கள் நாலைந்தை என்னிடமே சொல்லிக் காட்டுகிறாள். கொரியாவைப் பற்றிப் பேச ஒரு காலத்தில் எங்கள் ஊரில் துணிச்சல் வேண்டியிருந்தது என்றால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும். மீதிக் கதையையும் அவளுக்குச் சொன்னேன்.

டீச்சர் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அடுத்த வருடம் சரித்திர வகுப்பு என் தலையில் விழுந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "அந்தக் கொரியா கிரியால்லாம் இனிமே வேணாம் சார். உங்களுக்குப் புள்ளக்குட்டி இருக்கு" என்றார். தலையாட்டாமல் வெளியே வந்தேன். வகுப்புக்குள் நுழைந்தபோது அவர் ஜன்னலோரம் வந்து நிற்பது தெரிந்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை. தெற்குக் கொரியாவில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற இடத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன்.