ஏரிக்கரை வீட்டுச் சுவர்

பட்டாபிராமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். அண்ணனூரைத் தாண்டி ஏரிக்கரையில் ஷேர் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. நிழலுக்காக ஒரு தகரக் கூரை வீட்டோரம் ஒதுங்குகிறேன். அந்த வீட்டுச் சுவரில் பச்சை பனியன் போட்ட காலேஜ் பிள்ளைகள் ஏரியும் கொக்கும் வரைந்து, கீழே பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஏரியைக் காப்பாற்றச் சொல்லி ஜனங்களுக்குப் பாடமாம். எதிர்க்கரையில் ஏரிக்குள்ளேயே எழும்பியிருக்கும் அடுக்குமாடியின் மதில் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது.

"இன்னாக்கா, ஊடு சினிமா கொட்டாய் மாதிரி கீது!" என்று டிரைவர் டயரைக் கழற்றிக்கொண்டே வாசலில் நிற்கும் வீட்டுக்காரியைச் சீண்டுகிறார்.

"சிரி நைனா, சிரி. கரையில கீற ஊட்டெல்லாம் இடிக்கப் போறாங்களாம். கவர்மெண்டு சொல்லி எழுதுற செவுரு இது. இதுமேல எவன் கை வெப்பான்?" என்கிறாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்புகிறாள். "ஆயா, உனுக்குப் படிக்கத் தெரியுமா? இன்னா எழுதிகீறாங்க?"

நான் ஐந்தாவது வரை படித்தவள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். ஆனாலும் அவள் ஆசையாகக் கேட்கிறாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறேன்.

"ஏரி நிலத்தில் வீடு கட்டாதீர்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிரஷ்ஷோடு ஒரு பெண், "அக்கா, நல்லா இருக்கா?" என்று கேட்கிறது.

அவள் என்னிடம்தான் சொல்கிறாள்.

"காலையில லாரித் தண்ணி ஊத்தி நான்தான் ஆயா செவுத்தக் கழுவிக் குடுத்தேன்."