பூஜைக்கு நான் நிறுத்தாத பம்ப்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். கற்பகாம்பாள் மேல் நான் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தேன். படிப்பு எட்டாவது. அங்கே ஆராய்ச்சி செய்தவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். காற்றே இல்லாத எஃகுப் பெட்டிக்குள் சூடான மூலக்கூறுகளைப் பிடித்து வைத்து, லேசரால் குளிரவைத்த அணுக்களை நடுவே விடுவார். மோதி மோதி மூலக்கூறுகளும் குளிர வேண்டும்.

"அறுபத்துமூவர் திருவிழா அன்னிக்கு மாட வீதியில ஓடிப் பாரு தம்பி. இடிச்சு இடிச்சு, தானா கூட்டத்தோட நடைக்கு வந்துடுவே" என்றேன்.

"அதேதாண்ணே" என்று சிரித்தார். அன்று முதல் என் டிபன் டப்பாவில் பாதி அவருக்கு.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வைப்போம். காற்றை உறிஞ்சும் பம்ப் மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் வெளிக்காற்று புகுந்து மாதக்கணக்கான வேலை பாழ். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேசைக்காலில் சந்தனம் வைப்பேன்.

ஒரு வருடம் பூஜை முடிந்து நான் கிளம்பிய பிறகு, ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் தம்பி விளக்கோடு சேர்த்துப் பம்ப் சுவிட்சையும் அணைத்துவிட்டார். லீவு முடிந்து திரும்பி வந்து பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான்தான் அணைச்சுட்டேன். சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க வாய் திறக்காதீங்க."

"என் வாயில வராது தம்பி. கற்பகாம்பா மேல சத்தியம்."

மறுநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். தம்பியும் அங்கேதான் நின்றார்.

"பூஜைக்கு மெஷினை நிறுத்துறது வழக்கம்தான். அதுக்காக இந்த பம்பையுமா நிறுத்துவீங்க?"

தம்பியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "விடுங்க சார், அண்ணனுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

சத்தியம் செய்த வாய், திறக்கவில்லை. அந்தப் பொய்யை எல்லோரும் நம்புவதற்கு என் நெற்றியில் இருந்த விபூதியே போதுமாக இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

என்னை வாசல் வேலைக்கு மாற்றினார்கள். "இன்னா நைனா, மெஷினுக்கு லீவு குட்த்தியாமே?" என்றார் செக்யூரிட்டி. மூலக்கூறுகள் குளிர்ந்துவிட்டன என்று ஒருநாள் லட்டு வந்தது. கொண்டுவந்தது தம்பி இல்லை.

போன வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்று, "தாயே, அந்த வாக்கை நீயே திரும்ப வாங்கிக்கோ" என்று ஒப்படைத்துவிட்டேன். படிப்பவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். தம்பியைக் கெட்டவன் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். பம்பை அணைத்தது யார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.