அண்ணன் சட்டையும் சில வினைச்சொற்களும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 2008-இல் வேதியியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணாமலை நகர் குடியிருப்பிலிருந்து தினமும் பேருந்தில் போய் வந்தேன்.
2. என் அண்ணன், கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் படிப்பை நிறுத்தினான்.
3. அதே சிப்காட்டில், வேறொரு பூச்சிமருந்து ஆலையில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தான்.
4. அது எனக்குத் தெரிந்தது. சொல்லாதே என்றான்.
5. நான் சொல்லவில்லை.
6. வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்ததற்கு எந்த வினைச்சொல் பொருந்தும் என்பதில் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.

எனக்குத் தெரிந்தது மூக்கால்தான். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் தூங்கிக்கொண்டு வருபவர்கள்கூட சிப்காட் வந்ததும் எழுந்துகொள்வார்கள். ஆனால் அங்கேயே வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் தங்கள் ஆலையின் வாடை தெரியாமல் போய்விடும். எங்கள் ஆலை புளித்த காடி போல நாறும் என்று அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணன் சட்டையில் இருந்ததோ அழுகிய முட்டைக்கோஸ் வாடை. அது என் ஆலையுடையது அல்ல. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடமே கேட்டேன்.

மறுக்கவில்லை. "கணக்குப் பேப்பர் மறுபடியும் போச்சு பாப்பா. இனிமே என்னால முடியாது. அப்பாகிட்ட போட்டுக் குடுத்துடாத" என்றான்.

"எத்தன நாளைக்கு மறைப்ப?"

"வேல பர்மனென்ட் ஆவுட்டும். நானே சொல்றேன். இப்ப தெரிஞ்சா அவ்ளோதான். சித்தப்பா கததான் எனக்கும்."

எங்கள் அப்பா பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தார். அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். சொந்தத் தம்பியோடு, ஒரு நிலப் பத்திரத்தில் தன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்காக, நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே பேசுவதில்லை. கல்யாண வீட்டில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தாலும், "உப்பு வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம்தான் சொல்வார். அண்ணன் பயந்தது அதற்குத்தான். அப்பா தன்னோடு பேசாத வீட்டில் அவனால் ஒரு வாரம் இருக்க முடியாது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதற்கும் அப்பாவைத்தான் தேடுவான்.

அதன்பிறகு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் இந்தச் சொற்களையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதிரிகளைத் தனித்தனிக் குப்பியில் வைத்துப் பழகியவளுக்கு அது இயல்பாக வந்தது.

போட்டுக்கொடுப்பது என்றால் மேலே ஒருவர் இருக்க வேண்டும். மேனேஜரிடம், வார்டனிடம், அப்பாவிடம். சொல்கிறவருக்கு ஒரு நல்ல பெயராவது கிடைக்கும். கோள் சொல்வதில் பாதி பொய் கலந்திருக்கும், இரண்டு பேரைப் பிரிக்கும் எண்ணமும் இருக்கும். அம்பலப்படுத்துவது பத்திரிகைக்காரர்கள் வேலை. அதற்குக் கூட்டம் வேண்டும், அம்பலத்துக்கு வருகிறவன் தப்பு செய்தவனாகவும் இருக்க வேண்டும். கணக்கில் தோற்றது தப்பில் சேருமா? உளறுவதில் நோக்கமே கிடையாது. புட்டுப் புட்டு வைப்பதற்கு எல்லா விவரமும் தெரிந்திருக்க வேண்டும். போட்டு உடைப்பது, மனதில் வைத்திருக்க முடியாமல் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. அதில் வன்மம் இல்லை. காட்டிக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கனமானது. நம்மை நம்பியவரைத்தான் அப்படிச் செய்ய முடியும். ஆனால் அதே சொல்லை ஆள் இல்லாமலும் சொல்கிறோம்: குரல் காட்டிக்கொடுத்துவிட்டது, கண் காட்டிக்கொடுத்துவிட்டது என்று. அப்போது யார் மீதும் பழி விழுவதில்லை.

நான் அம்மாவிடமாவது சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். அதற்கு இந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் சரியாக வரவில்லை. சும்மா இருந்தேன்.

அண்ணன் ஜாக்கிரதையாகத்தான் இருந்தான். ஆலையிலேயே சோப்புப் போட்டுக் குளிப்பான், சட்டை மாற்றுவான், கிளம்பும் முன் கூட வேலை செய்பவனிடம் கையை நீட்டி, "மச்சான், வாட வருதா பாரு" என்பானாம். "ஒண்ணும் வரல மச்சான், மாப்ள மாரி மணக்குற" என்பானாம் அவன். அவனும் அதே ஆலையில் மூக்கைத் தொலைத்தவன் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஆனாலும் மாதக்கணக்கில் மாட்டாமல் இருந்தான். காரணம் நான். எல்லாத் துணியையும் அம்மா ஒரே பக்கெட்டில் ஊற வைப்பார். எந்த வாடை வந்தாலும், "உன் கம்பெனி நாத்தம் வீட்டுத் துணியிலெல்லாம் ஏறுதுடி" என்று என்னைத்தான் சொல்வார். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

பராமரிப்புக்காக எங்கள் ஆலையை ஒரு வாரம் மூடினார்கள். அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். என் துணியில் சோப்பு மணம் மட்டும்தான். ஒரு சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு சட்டையோடு வெளியே வந்தார்.

"ஏங்க, இவ இந்த வாரம் வேலைக்கே போவல. அப்புறம் இந்த நாத்தம் எங்கேர்ந்து வருது? இது பெரியவன் சட்ட."

அப்பா சட்டையை வாங்கி முகர்ந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"அண்ணன் வரட்டும்பா. அவனையே கேளுங்க."

"அப்ப தெரியும்" என்றார்.

அண்ணன் வாசலிலேயே புரிந்துகொண்டான். சட்டை நாற்காலியின் மேல் கிடந்தது. என்னைப் பார்த்து, "போட்டுக் குடுத்துட்டல்ல" என்றான்.

"அவ வாயே தொறக்கல" என்றார் அம்மா. "உன் சட்டதான்டா காட்டிக் குடுத்துது."

அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசவும் இல்லை. "சாப்ட்டானான்னு கேளு" என்று அம்மா வழியாக வந்தது. அண்ணன் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்பான். அம்மாவுக்கு இரண்டு மாதம் அதுவே வேலையாக இருந்தது. பயந்தது அப்படியே நடந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னோடு அப்பா பேசினார். ஆனால் அளந்து பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மூன்று பேரும் கடலூர்ப் பேருந்துக்காக நின்றோம். ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷம். அப்பாவும் அண்ணனும் என் இரண்டு பக்கமும். அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் வந்து அண்ணன் தோளைத் தட்டினார்.

"இன்னா தம்பி, என்ஜினியர் ஆயாச்சா?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நான் ஏதாவது உளறலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சத்தமாகச் சொன்னார்.

"படிப்ப வுட்டுட்டான் சார். கணக்கு வரல. சிப்காட்ல வேலைக்குப் போறான். ஷிப்ட்டு வேல, ஒரு நாள் லீவு போடறதில்ல."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர், "அதுக்கென்ன சார், வேலதான முக்கியம்" என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பேருந்து வந்தது. அப்பா முதலில் ஏறி, ஒரு இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே அண்ணனைப் பார்த்து, "ஏறுடா, சீட்டு இருக்குது" என்றார்.

அது போட்டு உடைத்ததா, அம்பலப்படுத்தியதா என்று அண்ணனிடம் பிறகு கேட்டேன். "அப்பா என்னக் காப்பாத்துனாரு. அதுக்கு வேற வார்த்த தேடிக்க" என்றான்.

இது 2012. அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பற்றி. விட்ட படிப்பைப் பற்றி மட்டும் இன்னும் பேசியதில்லை.