பஞ்சைக் கடித்திருந்த அம்மாவும் என் சுட்டுவிரலும்

பயிற்சி அன்று எனக்குக் கைதட்டல் கிடைத்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பல் கிளினிக்குகளில் உதவியாளர்களாக இருக்கும் எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, ஒருவர் நோய் இன்னொருவருக்கு ஒட்டாமல் வேலை செய்வது எப்படி என்று சென்னையிலிருந்து வந்த மேடம் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். வந்தவர்கள் பெரும்பாலும் என் மகள் வயதுப் பெண்கள். நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் நான் ஜோக்கடிக்காவிட்டால் வேறு யார் அடிப்பது?

"ஊசி குத்திட்டா பிதுக்காதீங்க, வாயில வச்சு சப்பாதீங்க. சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில கழுவுங்க" என்றார் மேடம்.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், எங்க ஊர்ல முள்ளு குத்துனாலும் கத்தி வெட்டுனாலும் வெரலு தானா வாய்க்குப் போயிடும். அத இன்னா பண்றது?"

மண்டபமே சிரித்தது. ஊசிக்கு மூடி போடும் முறையைச் செய்துகாட்ட மேடம் என்னையே கூப்பிட்டார். மூடியைத் தட்டில் படுக்க வைத்து, இன்னொரு கை கிட்டேயே போகாமல், ஒரு கையால் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்த வேண்டும். முதல் தடவையே செய்துவிட்டேன். கைதட்டல் அதற்குத்தான்.

அடுத்த வாரம் வெள்ளிமலையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு எங்கள் டாக்டரம்மா கடைவாய்ப்பல் பிடுங்கினார். பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்புவது என் வேலை. அதையும் நான் சும்மா செய்வதில்லை. "அர மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாதுங்க. கண்டக்டர் கேட்டாலும் சரி, கலெக்டர் கேட்டாலும் சரி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நான் தட்டை ஒழித்தேன். அவருக்கு மரத்துப்போகப் போட்ட ஊசி திறந்து கிடந்தது. வருஷக்கணக்கான பழக்கம்: ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி. சுருக்கென்றது. கையுறையைக் கழற்றினால் சுட்டுவிரலில் கடுகளவு ரத்தம். அடுத்த நொடி அந்த விரல் எங்கே இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

"அண்ணா! வாயிலேர்ந்து வெரல எடுங்க மொதல்ல!" என்று கத்தினார் டாக்டரம்மா. குழாயடிக்கு என்னை இழுத்துப்போய்க் கழுவ வைத்தார். "நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து வேணுமான்னு அவங்க பார்ப்பாங்க. அந்தம்மாவும் ரத்தம் குடுத்தா வசதி. ஆனா கேட்டுத்தான் பாக்கணும், வற்புறுத்தக் கூடாது."

மேடம் திரையில் காட்டிய நோய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் விரலில் வந்து உட்கார்ந்தன. அந்த அம்மாவைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிச் சேர்வதற்குள் என் போட்டோவுக்கு மாலை போட்டாகிவிட்டது. அந்தப் போட்டோ வேண்டாம், தொப்பை தெரிகிறது என்று மனதுக்குள் மனைவியோடு சண்டையும் போட்டாகிவிட்டது.

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஜன்னலோரம் இருந்தார். ஏறி, குனிந்து, அவர் காதருகே நடந்ததைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்சம் ரத்தம் குடுக்கறீங்களாக்கா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

"யக்கா, சரின்னாவது சொல்லுங்க, முடியாதுன்னாவது சொல்லுங்க."

அவர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அரை மணி நேரம் ஆகவில்லையாம்.

"இன்னா சார், ஏறுறியா, எறங்குறியா?" என்றார் கண்டக்டர்.

"அந்தாளு பல்ல மாத்திப் புடுங்கிட்டான் போல, கெஞ்சிக்கினு கீறான்" என்று பின் சீட்டில் ஒருவர் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கினார்.

பஸ் கிளம்பிவிட்டது. அரை மணி நேரத்தில் வரும் கச்சிராயப்பாளையத்துக்கு டிக்கெட் வாங்கினேன். வேறு என்ன செய்வது? என் உயிர் அந்த அம்மாவின் பஞ்சுக்குப் பின்னால் இருந்தது. பஞ்சைக் கடிக்கச் சொன்னவனும் நானே. வழியில் கரும்பு லாரி ஒன்று எதிரே வந்து மறித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவரோ மலைப்பக்கம் பார்த்தபடி, நான் சொன்னது சொன்னபடி, கடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேஷண்ட் எனக்கு வாய்த்ததேயில்லை.

கச்சிராயப்பாளையத்தில் பஸ் நின்றது. அவர் பஞ்சை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். உதடு இன்னும் மரத்திருந்ததால் பேச்சு ஒரு பக்கமாகக் கோணியது.

"எனக்குப் போட்ட ஊசி ஒனக்குக் குத்திக்கிச்சு. என் ரத்தத்துல நோவு கீதான்னு பாக்கணும். அதானே?"

"ஆமாங்க்கா."

"ஒன் ரத்தத்துல இன்னா கீதுன்னு யாருய்யா பாக்கறது? ஒன் கைதானே என் வாய்ல இருந்துச்சு?"

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நீயும் குடு, நானும் குடுக்கறேன். எறங்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைத் தனியே உட்காரவைத்து விவரம் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டு ரத்தம் எடுத்தார். அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. அடுத்தது நான். தினமும் டாக்டர் கையில் ஊசியை எடுத்துக் கொடுக்கிற எனக்கு, என் கையை நோக்கி ஊசி வந்தால் ஆகாது. கண்ணை இறுக மூடினேன். தோளில் ஒரு கை அழுத்தியது. பார்த்தால் அந்த அம்மா. பேசியதில் மறுபடி ரத்தம் கசிந்து, நர்ஸ் கொடுத்த புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வேலை முடிந்ததும் ஊசிக்கு மூடியே போடாமல் டப்பாவில் போட்டார். ஒரு வேலையை எத்தனை சுலபமாகச் செய்கிறார்கள்!

பெஞ்சில் காத்திருந்தோம். கடைசியில் டாக்டர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போதைக்கு எனக்கு ஒன்றுமில்லை, பின்னால் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வெளியே வந்தபோது அவர், தனக்கும் ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

நான் சுவரில் சாய்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அம்மா பஞ்சைக் கையில் எடுத்தார்.

"இதுக்காய்யா என் பஸ்ஸ உட்டேன்?" என்றார். பஞ்சைத் திரும்ப வைத்துக் கடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் கை காட்டினார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.